குறிப்புகளின் சாவி யார் கையில்?

சாஃப்ட்வேர்கள் வருகின்றன, போகின்றன. எழுதி வைத்த குறிப்புகளும் அவற்றுக்கிடையே போட்ட இணைப்புகளும் தங்க வேண்டும் என்றால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

2023 டிசம்பரில் எவர்நோட் நிறுவனம் ஒரு புதிய விதியை அமலுக்குக் கொண்டுவந்தது. கட்டணம் கட்டாதவர்களுக்கு இனி 50 குறிப்புகள், ஒரே ஒரு குறிப்பேடு. அதுவரை எழுதியவை அழிக்கப்படவில்லை. படிக்கலாம், திருத்தலாம், வெளியே எடுத்துக்கொண்டும் போகலாம். ஆனால் ஆயிரம் குறிப்புகள் வைத்திருந்தவர் ஆயிரத்து ஒன்றாவதை எழுத முடியாது. எவர்நோட்டை வாங்கப்போவதாக இத்தாலியின் பெண்டிங் ஸ்பூன்ஸ் நிறுவனம் அறிவித்தது அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில்தான்.

குறிப்பெடுப்பவர்களுக்கு இது முதல் அதிர்ச்சி அல்ல. கூகுள் நோட்புக் 2012இல் மூடப்பட்டது. கேட்ச் 2013இலும் ஸ்பிரிங்பேட் 2014இலும் கடையைக் கட்டின. ஒவ்வொரு முறையும் லட்சணமாக அடுக்கி வைத்த குறிப்புகளை அள்ளிக்கொண்டு அடுத்த வீடு தேட வேண்டியிருந்தது.

மளிகைக் கணக்கு எழுதுபவருக்கு இது பெரிய நஷ்டமில்லை. ஆராய்ச்சி மாணவர், வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர் போன்றவர்களின் நிலை வேறு. ஒரு சட்டச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல்லை எந்த நூலில், என்ன காரணத்துக்காகப் பயன்படுத்தினோம் என்று இருபது ஆண்டுகள் எழுதி வைத்த குறிப்புகள் ஒரு மொழிபெயர்ப்பாளரின் மூலதனம். அதை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.

பெட்டிக்குள் ஒரு மூளை

ஒன்றோடொன்று இணைந்த குறிப்புகள் என்ற யோசனை கம்ப்யூட்டரில் பிறந்தது அல்ல. ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் (1927-1998) ஏறத்தாழ 90,000 தாள் சீட்டுகளை மரப்பெட்டிகளில் வைத்திருந்தார். ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண். ஒரு சீட்டில் எழுதும்போது தொடர்புள்ள மற்றொரு சீட்டின் எண்ணையும் அதிலேயே குறித்துவிடுவார். அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு சீட்டுக்குச் சீட்டு தாவித் தாவியே அவருடைய நூல்கள் உருவாயின. இன்று பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அந்தச் சீட்டுகள் இருக்கின்றன. லூமன் இல்லை, ஆனால் எவரும் ஒரு சீட்டைப் படித்து, அதிலுள்ள எண்ணைப் பார்த்து, அடுத்த சீட்டுக்குப் போக முடியும். காரணம் எளியது: இணைப்பு சீட்டின் மேலேயே மையால் எழுதப்பட்டிருக்கிறது.

இதை இயந்திரத்தால் செய்யலாம் என்று 1945இல் அமெரிக்க விஞ்ஞானி வானிவர் புஷ் ஒரு கட்டுரையில் விவரித்தார். 1965இல் டெட் நெல்சன் இதற்கு ஹைபர்டெக்ஸ்ட் என்று பெயரிட்டார். 1995இல் வார்ட் கன்னிங்ஹாம் முதல் விக்கியை உருவாக்கினார். இன்றைய குறிப்பு சாஃப்ட்வேர்கள் பலவற்றில் ஒரு சொல்லை [[மழை]] என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் போதும், அது மழை என்ற குறிப்புக்கு வழியாகிவிடுகிறது. மழையைச் சுட்டும் மற்ற குறிப்புகள் எவை என்ற பட்டியலும் தானாக வந்து நிற்கிறது.

உரை பிழைக்கும், இணைப்பு?

குறிப்புகளை எளிய உரையாக, அதாவது நோட்பேட் போன்ற சாதாரண எடிட்டரில் திறந்து படிக்கக்கூடிய ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். ஜான் க்ரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன் முறை இதற்கு வசதியானது. தலைப்புக்கு முன் ஒரு #, அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு * என்று சில குறிகள்தான். சாஃப்ட்வேரே இல்லாவிட்டாலும் படிக்கலாம். இடமும் அதிகம் பிடிக்காது. குறிப்புக்கு 3 கிலோபைட் என்று வைத்தாலும் பத்தாயிரம் குறிப்புகள் சுமார் 30 மெகாபைட்டில் அடங்கிவிடும்.

ஆனால் எளிய உரை என்று விளம்பரத்தில் இருப்பதோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. உரை பத்திரமாக வெளியே வந்து, இணைப்புகள் மட்டும் அறுந்துபோவது உண்டு. சில சாஃப்ட்வேர்கள் இணைப்பைக் குறிப்பின் பெயரால் எழுதுகின்றன. சில, மனிதருக்குப் புரியாத நீளமான அடையாள எண்ணால் எழுதுகின்றன. முதல் வகையில் லூமனின் சீட்டுப் போலக் கண்ணால் பார்த்தே அடுத்த குறிப்பைத் தேடலாம். இரண்டாவது வகையில் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று சொல்ல ஒரு சாஃப்ட்வேர் தேவை.

எண்ணுக்கும் ஒரு நியாயம் உண்டு. குறிப்பின் பெயரை மாற்றினாலும் எண் மாறாது, இணைப்பு அறுபடாது. பெயர் முறையில், சாஃப்ட்வேருக்கு உள்ளே பெயரை மாற்றினால் அதுவே எல்லா இடங்களிலும் திருத்தித் தரலாம். வெளியே ஃபோல்டரைத் திறந்து மாற்றினால் இணைப்புகள் அந்தரத்தில் நிற்கும்.

யார் எப்படி?

2020இல் வந்த ஆப்சிடியன் இன்று பரவலாகப் பேசப்படுவது. குறிப்புகள் உங்கள் கம்ப்யூட்டரில் சாதாரண மார்க்டவுன் ஃபைல்களாக இருக்கும். இணைப்புகள் பெயரால். பயன்படுத்துவது இலவசம், அவர்கள் வழியாகவே கம்ப்யூட்டரையும் போனையும் ஒத்திசைக்க விரும்பினால் கட்டணம். சாஃப்ட்வேரின் மூல நிரல் மூடியது. ஆனால் ஃபைல்கள் திறந்தவை என்பதால் நிறுவனம் போனாலும் குறிப்புகள் போகாது.

லாக்சீக் திறந்த மூல நிரல் கொண்டது. எதையும் புள்ளி வைத்த வரிகளாக எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் ஃபைல்களில் தொடங்கிய லாக்சீக், பின்னர் டேட்டாபேஸ் அடிப்படையிலான பதிப்பையும் உருவாக்கத் தொடங்கியது. எந்தப் பதிப்பு என்று பார்த்து இறக்கிக்கொள்ள வேண்டும்.

ஜோப்ளினும் திறந்த மூல நிரல்தான். ஒத்திசைக்கும்போது குறிப்புகளை ரகசியக் குறியீடாக்கி அனுப்பும் வசதி அதன் பலம். ஆனால் குறிப்புகள் டேட்டாபேஸுக்குள் இருக்கின்றன. இணைப்புகள் 32 எழுத்து அடையாள எண்களால் ஆனவை. மார்க்டவுனாக ஏற்றுமதி செய்யலாம். அதை அவ்வப்போது செய்து பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஈமாக்ஸ் எடிட்டருக்குள் இயங்கும் ஆர்க்-மோட் 2003இல் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் தொடங்கியது. முழுக்க எளிய உரை. இருபது ஆண்டுகளைத் தாண்டி நிற்பதே அதற்கான நற்சான்று. கற்றுக்கொள்ளத்தான் பொறுமை வேண்டும். ஆய்வேடு எழுதுபவர்களுக்கு ஸெட்லர் வசதி. மேற்கோள் நூல் விவரங்களைக் கையாளும். டிடில்விக்கியில் மொத்தக் குறிப்புகளும் ஒரே ஹெச்.டி.எம்.எல். ஃபைலுக்குள் அடங்கிவிடும். இணைப்புக் குறிப்புகளுக்குப் பெரிய மவுசு உண்டாக்கிய ரோம் ரிசர்ச், குறிப்புகளைத் தன் டேட்டாபேஸில் வைத்துக்கொண்டு மாதக் கட்டணம் வாங்குகிறது.

தமிழுக்கு என்று சில சோதனைகள்

மேலே சொன்னவற்றை ஒப்பிடும் கட்டுரைகள் ஆங்கிலத்தில் ஏராளம். தமிழில் எழுதுபவரின் சிக்கல்கள் அவற்றில் அகப்படுவதில்லை.

முதலாவது, வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர் எந்த வாக்கியத்திலும் ஏறத்தாழ அப்படியே நிற்கும். தமிழில் மரம் என்பது மரத்தில், மரத்தை, மரத்துக்கு என்று மாறிவிடுகிறது. மரம் என்று தேடினால் மரத்தில் கிடைக்காது. மர என்று தேடினால் மரபு, மரணம் எல்லாம் வரிசைகட்டி வரும். ஆகவே இணைப்பு ஒன்றாகவும் கண்ணுக்குத் தெரியும் சொல் வேறாகவும் இருக்க வழி வேண்டும். ஆப்சிடியனில் [[மரம்|மரத்தில்]] என்று எழுதலாம். ஆர்க்-மோடிலும் இதற்கு வழி உண்டு. இந்த வசதி இல்லாத சாஃப்ட்வேரில் தமிழ் வாக்கியங்கள் முடமாகிவிடும்.

இரண்டாவது, ஃபைல் பெயரின் நீளம். லினக்ஸில் வழக்கமாக ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் அனுமதி. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் ஆகிறது. கொ என்ற ஓர் எழுத்தே இரண்டு குறியீடுகள், 6 பைட். அதாவது மொத்தம் 85 குறியீடுகள்தான். முழு வாக்கியத்தையே தலைப்பாக வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. எளிய உரை என்றால் மட்டும் போதாது, அது யுனிகோடில் இருக்க வேண்டும். 1990களில் தமிழில் டைப் செய்தவர்கள் பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியீட்டு முறையில் எழுதினார்கள். பாமினியில் சேமித்த எளிய உரையை இன்று திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த கூழ்தான் தெரியும். தமிழக அரசு யுனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல். பழைய ஃபைல்கள் வைத்திருப்பவர்கள் புது சாஃப்ட்வேரைத் தேடும் முன் அவற்றை யுனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

குறைகளும் உண்டு

எளிய உரை எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்ல முடியாது. படங்களும் பெரிய அட்டவணைகளும் அதில் சரியாகப் பொருந்துவதில்லை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஒரே குறிப்பைத் திருத்தும் அலுவலகத்துக்கு அது உதவாது. எவரும் திறந்து படிக்கலாம் என்ற அதன் பலமே பலவீனமும்கூட: பூட்டாத கம்ப்யூட்டரில் நோயாளிகள், கட்சிக்காரர்கள் பற்றிய குறிப்புகளை அப்படியே வைப்பது ஆபத்து. டிஸ்க்கையே ரகசியக் குறியீடாக்கிக்கொள்ள வேண்டும். போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே ஃபைலை ஒரே சமயத்தில் திருத்தினால் இரண்டு பிரதிகள் முளைப்பதும் வாடிக்கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்

எதைத் தேர்ந்தெடுப்பது? வசதிகளின் பட்டியலைப் பார்த்து மயங்குவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. பிடித்த சாஃப்ட்வேரில் இருபது குறிப்புகளைத் தமிழில் எழுதுங்கள். பத்து இணைப்புகள் போடுங்கள். அவற்றில் நான்காவது உருபு ஏற்ற சொற்களாக இருக்கட்டும். இரண்டு குறிப்புகளின் பெயரை மாற்றுங்கள். பிறகு அந்த ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, அந்த சாஃப்ட்வேர் இல்லாத வேறொரு கம்ப்யூட்டரில் நோட்பேடில் திறந்து பாருங்கள். எழுத்து தெரிகிறதா? ஒரு குறிப்பிலிருந்து அடுத்த குறிப்பு எது என்று கண்டுபிடிக்க முடிகிறதா? வேறொரு சாஃப்ட்வேரில் அதே ஃபோல்டரைத் திறந்தால் இணைப்புகள் வேலை செய்கின்றனவா?

இந்த மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் பட்டனின் நிறத்தையும் விலையையும் பார்த்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்த நிறுவனம் நாளையே விற்கப்பட்டாலும், மூடப்பட்டாலும் இன்னொரு சாஃப்ட்வேரை நிறுவிப் பழகும் ஒரு மத்தியானப் பொழுதுதான் உங்களுக்கு நஷ்டம்.