கண்ணாடித் தகட்டுக்குத் தெரியாத சிவப்பு

பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்து, 48ஆவது வயதில் முதல் கேமராவைக் கையில் எடுத்து, டெனிசன், டார்வின் போன்றோரைப் படமெடுத்துப் புகழ்பெற்றவர். கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இங்கே குடிவந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாவின் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை சுமார் முப்பது படங்கள்தான். தோட்டத் தொழிலாளர்களும் ஊர்மக்களும் அவற்றில் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை.

மலையகத்தின் முன்னோர் ஒருவரை டிஜிட்டல் ஓவியமாக வரைய நினைப்பவர் இப்படிப்பட்ட பழைய படங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். முகத்தின் அளவுகள் கிடைத்துவிடும். மூக்கும் தாடையும் நெற்றியும் அச்சாக இருக்கும். நிறம் என்று வரும்போதுதான் சிக்கல். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் மட்டுந்தான் இல்லை, வெளிச்சமும் இருட்டுமாவது சரியாக இருக்கும் என்று நினைக்கிறோம். அதுவும் சரியில்லை.

கேமரன் பயன்படுத்தியது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். இந்தத் தகடு புற ஊதா, ஊதா, நீலக் கதிர்களுக்கு மட்டுமே அசையும். பச்சை அதற்கு மங்கல். மஞ்சளும் சிவப்பும் இருட்டு. நம் கண் அதிகம் உணர்வதோ பச்சையையும் மஞ்சளையும். ஆகவே கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது படத்தில் கறுத்துப் போகும். கண்ணுக்கு அடர்த்தியாகத் தெரியும் நீலம் வெளிறிப் போகும்.

மலையகத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் விளைவு பெரிது. மஞ்சளில் உள்ள குர்குமின் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ளும் பொருள். மஞ்சள் பூசிக் குளித்த முகம் படத்தில் கறுத்துத்தான் விழும். வெற்றிலை போட்ட உதடும் குங்குமமும் கறுப்பு. சிவப்புச் சேலை கறுப்பு, நீலச் சேலை ஏறக்குறைய வெள்ளை. எல்லாவற்றையும்விட முக்கியமானது தோல். அதற்கு நிறம் தரும் மெலனின், சிவப்பைவிட நீலத்தையும் புற ஊதாவையும் கூடுதலாக உறிஞ்சும். மாநிறமானவர்கூடத் தன் உண்மை நிறத்தைவிடப் படத்தில் கறுப்பாகத் தெரிவார். நம் முப்பாட்டன்மாரின் படங்களில் தெரியும் கறுப்பில் ஒரு பங்கு வெள்ளி உப்பின் வேலை.

சுருக்கங்களும் அப்படியே. சிவப்பு ஒளி தோலுக்குள் சற்று ஆழமாகப் புகுந்து, உள்ளே சிதறி, வெளியே வரும். அதனால் மேல்தோலின் மேடுபள்ளங்கள் மென்மையாகத் தெரியும். சிவப்பை உணராத தகட்டில் அந்த மென்மை இல்லை. ஒவ்வொரு கோடும் உளியால் வெட்டியதுபோல் நிற்கும். 2021இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆபிரகாம் லிங்கனின் படத்தை வைத்து இதையே கவனித்தார்கள். பழைய தகட்டின் ஒளியுணர்வைக் கணினியில் போலச் செய்து, தகடு கூட்டிக் குறைத்ததைக் கழித்துப் பார்த்தபோது, நமக்குப் பழக்கமான லிங்கனின் கடுமையான முகம் தணிந்தது.

வழக்கமான நிறமேற்றும் செயற்கை நுண்ணறிவு இதைச் செய்வதில்லை. 2016இல் பெர்க்லி ஆய்வாளர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற முறை, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்ணப் படங்களைப் பார்த்துக் கற்றது. கொடுத்த படத்தின் வெளிச்ச அளவு சரியானது என்று எடுத்துக்கொண்டு, அதன்மேல் நிறத்தை ஊகிக்கும். அடிப்படையே பிசகியிருந்தால் மேலே எந்த நிறத்தைப் பூசி என்ன பயன்?

ஆகவே கவனமான ஓவியர் படத்தின் மேலேயே வண்ணம் தீட்ட மாட்டார். முதலில் அச்சை 16 பிட்டில் ஸ்கேன் செய்வார். 8 பிட்டில் 256 சாம்பல் படிகள்தான். 16 பிட்டில் 65,536. கறுப்பில் புதைந்துபோன கன்னத்து வளைவு அப்போதுதான் தேறும். பிறகு ஃபோட்டோஷாப்பிலோ, இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டாவிலோ, முகத்தின் கோட்டுருவை ஒரு லேயரில் வரைவார். அதன் கீழே வெளிச்சமும் நிழலும் மட்டும் கொண்ட இன்னொரு லேயர். தகட்டின் இருட்டைத் திருத்துவது இங்கேதான். நிறம் அதற்குப் பிறகு. காதோரத்திலும் நிழல் தொடங்கும் விளிம்பிலும் கொஞ்சம் சிவப்பைக் கூட்டுவார். தோலுக்குள் சிதறி வரும் ஒளிக்கு அதுதான் அடையாளம். அதை விட்டுவிட்டால் முகம் மெழுகுப் பொம்மை ஆகிவிடும்.

பின்னணிக்கும் அறிவியல் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,870 மீட்டரில் இருக்கிறது. பனிமூட்டத்தின் நீர்த்துளிகள் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிப்பதால் அது வெண்மையாக இருக்கும். வானம் தெளிந்த நாளில் தூரத்து மலை நீலமாவது காற்று மூலக்கூறுகளால். மூட்டமான காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) வந்து நிற்பவர் முகத்தில் கூர்மையான நிழல் விழக் கூடாது. கம்பளி, படங்கு, கூடை போன்றவற்றுக்குக் கம்பளை அருகே பழைய பீகொக் தோட்டத்தில், பழைய லயத்திலேயே அமைந்த தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் உதவும்.

முகபாவத்தில் கை வைப்பது தனி ஆபத்து. கேமரனின் முன் உட்கார்ந்தவர்கள் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. அந்த இறுக்கம் அவர்களின் சுபாவமாகிவிடாது. அதற்காகச் சிரிக்க வைத்துவிடவும் முடியாது. கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் கொல்லப்பட்டவர்களின் படங்களுக்கு நிறமேற்றிய ஒருவர் சிலருக்குப் புன்னகையையும் சேர்த்துவிட்டார். 2021இல் அந்த நாட்டு அரசே கண்டித்தது. வெளியிட்ட ஊடகம் கட்டுரையை நீக்கியது.

காலம் முன்னே வரும்போது கணக்கும் மாறும். 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தியவரும், 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியவருமான கோ. நடேசய்யரையோ, மேடைகளில் பாடித் தொழிலாளரைத் திரட்டிய மீனாட்சி அம்மையையோ வரைய விரும்புபவர் வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும். அவர்கள் காலத்தில் சிவப்பை உணராத ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருளும், எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் சுருளும் புழக்கத்தில் இருந்தன. எது என்று கண்டுபிடிக்க, நிறம் தெரிந்த பொருள் ஒன்று படத்தில் இருந்தால் நல்லது. நெற்றியில் குங்குமம் மைபோல் கறுத்திருந்தால் அநேகமாக முதல் வகை; தோலிலிருந்து பிரித்தறிய முடியாதபடி மங்கியிருந்தால் இரண்டாவது வகையாக இருக்கலாம்.

இந்த ஊகங்களையெல்லாம் தனித்தனி லேயரில், பெயரிட்டு வைக்க முடிவது கன்வாஸுக்கு இல்லாத வசதி. படத்திலிருந்து நேராக எடுத்தது ஒன்றில், தகட்டின் இயல்பைக் கணக்கிட்டுத் திருத்தியது இன்னொன்றில், ஓவியரின் கற்பனை மூன்றாவதில். சேலையின் நிறத்துக்கு நாளைக்கு ஒரு கடிதமோ, பெட்டியில் மடித்து வைத்த துணியோ சான்றாகக் கிடைத்தால், அந்த ஒரு லேயரை மட்டும் மாற்றினால் போதும். முகம் அப்படியே இருக்கும்.