முழங்கால் மறுசிகிச்சை

தெல்தோட்டை மலைச்சரிவுகளில் ஏறியிறங்கி வாழ்வோர்க்கு முழங்காலின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அம்மூட்டின் உட்புறம் மட்டும் தேய்ந்தவிடத்து, அப்பகுதியை மாத்திரம் உலோகத்தாலும் பொலியெதிலீனாலும் அமைப்பது பகுதி மூட்டு மாற்றாகும். ஒக்ஸ்போட்டில் குட்பெலோ என்னும் சத்திரசிகிச்சை நிபுணரும் ஓகொனர் என்னும் பொறியியலறிஞரும் ஆக்கிய மூட்டு 1982 முதல் இவ்வாறு பயன்பட்டு வருகின்றது.

அம்மாற்றுப் பயனற்றுப் போவதும் உண்டு. உலோகம் எலும்பினின்றும் தளரலாம், இடைத்தட்டு நழுவலாம், எஞ்சிய பகுதி தேயலாம், கிருமி பற்றலாம். காரணத்துக்கேற்பவே மறுசிகிச்சை வேறுபடும். நழுவிய தட்டுக்குப் புதுத்தட்டே சில வேளை போதும். தளர்ச்சிக்குப் பெரும்பாலும் முழுமூட்டு வேண்டும். எலும்பு குறைந்திருப்பின் உலோக ஆப்பும் தண்டும் சேர்ப்பர். கிருமியாயின் அதனை ஒழித்தல் இன்றியமையாதது.

பகுதி மூட்டை முழுமூட்டாக்குதல் ஒப்பளவில் எளிதாகையால், காரணம் புலப்படாத வலிக்கும் அவசரப்பட்டு மறுசிகிச்சை செய்தல் நேர்கின்றது. இது தகாது. கதிர்ப்படத்தில் உலோகத்தின் கீழே தோன்றும் மெல்லிய கோடு எப்பொழுதும் தளர்ச்சியைக் குறிப்பதன்று. இடுப்பு மூட்டின் நோயும் முழங்கால் வலியாய்த் தோன்றும். காரணம் அறியாது வெட்டிய காலில், புதுமூட்டு அமைந்த பின்னும் பழைய வலியே எஞ்சக்கூடும். ஆதலின், மறுசிகிச்சையின் முதற்படி கத்தியன்று, ஆராய்வேயாம்.