மார்பில் படும் பந்து

2015 ஜூலையில், இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் கிரிக்கெட் ஆடிய 24 வயது இலங்கைத் தமிழ் இளைஞர், மார்பில் பந்து பட்டுச் சரிந்து உயிரிழந்தார்.

இதயத் துடிப்பின் குறிப்பிட்ட ஒரு கணத்தில், நொடியில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில், அடி விழுந்தால் நோயற்ற இதயமும் தாளம் தவறித் துடிதுடிக்கும், இரத்தம் பாயாது. இதனைக் ‘கொமோஷியோ கார்டிஸ்’ என்பர். மார்புக்கூடு நெகிழ்வாக உள்ள சிறுவர்களிடம் இது மிகுதி. கவசம் முழுக் காப்பன்று.

இதிலிருந்து மீளவும் முடியும். 2023 ஜனவரி 2 அன்று இவ்வாறு விழுந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் டாமர் ஹாம்லின், களத்திலேயே மார்பு அழுத்தமும் மின்னதிர்ச்சியும் பெற்றுப் பிழைத்தார். அதே ஆண்டில் மீண்டும் ஆடினார்.

அடிபட்ட பிள்ளை நினைவிழந்து, இயல்பாக மூச்சு விடவில்லையெனில், தண்ணீர் தெளித்துக் காலங்கடத்தாதீர்கள். திணறி இழுப்பது மூச்சன்று. ஒருவர் 108ஐ அழைக்கட்டும். மற்றொருவர் மார்பின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செ.மீ. ஆழத்திற்கு அழுத்தட்டும். தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவி இருப்பின் உடனே பொருத்துங்கள்.

தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. நாகலூர் போன்ற மலையூர்களில் ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை, அருகிலிருப்பவரின் கைகளே அப்பிள்ளையின் இதயம். பெற்றோரும் பயிற்சியாளரும் இம்முதலுதவியை இன்றே கற்றுக்கொள்ளுங்கள்.