21 அடி தூரம்

2020 அக்டோபர் 26, பிலடெல்ஃபியா நகரின் காப்ஸ் கிரீக் பகுதி. மனநோயுடன் வாழ்ந்துவந்த 27 வயதுக் கறுப்பின இளைஞர் கையில் கத்தியுடன் வீட்டிலிருந்து தெருவுக்கு வருகிறார். குடும்பத்தார் கேட்டிருந்தது ஆம்புலன்ஸ். வந்து நின்றவர்கள் இரண்டு போலீஸ்காரர்கள். தாய் மகனைத் தடுத்து நிறுத்தப் போராடுகிறார். மகனுக்கு மனநலம் சரியில்லை என்று உடனிருந்தவர் கத்துவது போலீஸ் கேமராவிலேயே பதிவாகியிருக்கிறது. கத்தியைப் போடச் சொல்லி அதட்டல், பிறகு 14 குண்டுகள். போலீஸார் வந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

ஏன் இத்தனை அவசரம்?

விடையின் ஒரு பகுதி 1983இல் இருக்கிறது. சால்ட் லேக் சிட்டி காவல்துறைப் பயிற்சியாளர் டென்னிஸ் ட்யூலர் அந்த ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். கத்தி வைத்திருப்பவர் 21 அடியைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவார். துப்பாக்கியை உருவிச் சுடவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும் என்றார். ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லவந்த கணக்கு அது. பயிற்சிக்கூடங்களில் வாய்மொழியாகப் பரவியபோது, 21 அடிக்குள் வந்தால் சுடலாம் என்ற விதியாகவே மாறிவிட்டது. தலைக்குள் குரல்கள் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் போலீஸின் அதட்டல் அந்தக் கூச்சலோடு சேர்ந்த இன்னொரு கூச்சல். அவரால் எப்படிக் கீழ்ப்படிய முடியும்?

பெரும்பாலான போலீஸார் துப்பாக்கி ஏந்தாத ஸ்காட்லாந்துக்கு 2015இல் அமெரிக்கக் காவல் அதிகாரிகள் சிலர் போனார்கள். கத்தியோடு நிற்பவரை அங்கே எப்படிக் கையாளுகிறார்கள் என்று நேரில் பார்த்தார்கள். பின்வாங்கு, இடையில் ஏதாவது மறைப்பு இருக்கட்டும், ஒருவர் மட்டும் பேசட்டும், நேரம் போனால் போகட்டும். அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்த காவல்துறை ஆய்வு மன்றம், 21 அடி விதியைக் கைவிடச் சொல்லி 2016இல் பரிந்துரைத்தது.

இது அமெரிக்காவுக்குத் தெரியாத பாடமும் அல்ல. 1987இல் மெம்ஃபிஸ் நகரில் தன்னையே கத்தியால் கீறிக்கொண்டிருந்த மகனைக் காப்பாற்றச் சொல்லி ஒரு தாய் அவசர உதவி எண் 911ஐ அழைத்தார். அந்த மகனும் 27 வயதுக் கறுப்பின இளைஞர். அவரையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஊர் கொதித்தது. மறு ஆண்டே அங்கே நெருக்கடித் தலையீட்டுக் குழு பிறந்தது. மேஜர் சாம் காக்ரன் அதன் முகமானார். தாமாக முன்வரும் காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி. நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாருமே அதில் வந்து பேசினார்கள். அழைத்துவருபவரை மறுக்காமல் சேர்த்துக்கொள்ள ஒரு மருத்துவமனை முன்வந்தது. இந்தக் கடைசி ஏற்பாடுதான் உயிர்நாடி. பல நகரங்கள் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டன.

வாஷிங்டன் போஸ்ட் 2015 முதல் திரட்டிய பதிவுகளின்படி, போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் மனநோயால் அவதிப்பட்டவர்.

டென்வர் நகரம் இன்னொரு வழியைப் பிடித்தது. 2020 ஜூன் முதல், ஆபத்தில்லாத அழைப்புகளுக்கு ஒரு மனநலப் பணியாளரும் ஒரு மருத்துவ உதவியாளரும் வேனில் போகிறார்கள். முதல் ஆறு மாதங்களில் 748 அழைப்புகள்; ஒரு கைதுகூட இல்லை. இதற்கெல்லாம் முன்னோடி, ஆரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் 1989இல் தொடங்கிய கஹூட்ஸ் சேவை. அதற்கே 2025 ஏப்ரலில் பணமில்லை என்று யூஜீனில் கதவை மூடினார்கள்.

பிலடெல்ஃபியா அந்த இளைஞரின் குடும்பத்துக்கு 25 லட்சம் டாலர் கொடுத்தது. காவலர்களுக்கு மின்னதிர்ச்சிக் கருவிகள் வாங்க ஒதுக்கியது 1 கோடியே 40 லட்சம் டாலர். ஆம்புலன்ஸ் கேட்டவருக்கு ஆம்புலன்ஸ் அனுப்புவதற்கே அந்தப் பணம் முதலில் போயிருக்க வேண்டும்.