தெர்னா உணர்த்தும் பாடம்

லிபியாவின் தெர்னா நகரை வெள்ளத்தினின்று காக்க 1970களில் அபூ மன்ஸூர், அல்பிலாத் என்னும் இரு அணைகள் எழுப்பப்பட்டன. 1998இலேயே அவற்றில் விரிசல்கள் கண்டறியப்பட்டன. 2010இல் தொடங்கிய செப்பனிடும் பணி, மறு ஆண்டு மூண்ட உள்நாட்டுப் போரால் நின்றுபோயிற்று. 2022இல் உமர் அல்முக்தார் பல்கலைக்கழக நீரியல் அறிஞர் ஒருவர் ஆய்வெழுதி எச்சரித்தார், செவிசாய்ப்பார் இல்லை.

2023 செப்டம்பரில் டேனியல் புயல் வீசிற்று. மேற்கேயுள்ள அல்பைளா நகரில் ஒரே நாளில் 414 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. இரு அணைகளும் உடைந்தன, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

பராமரிப்பற்ற அணை, அணையே இல்லாமையினும் ஆபத்தானது; அதனை நம்பியன்றோ மக்கள் ஆற்றோரம் குடியேறுகின்றனர்! பருவநிலை மாறிவரும் இந்நாளில் பழைய மழைக்கணக்கும் போதாது. பொதுச்சொத்தை அமானிதம் என்கிறோம் நாம். கட்டி முடிப்பதோடு அவ்வமானிதம் நிறைவேறுவதில்லை. எச்சரிக்கையைக் காலத்தே கேட்டுச் செப்பனிடுவதிலேயே அது பேணப்படுகிறது.