காற்றோட்ட உணரி

காற்றோட்ட உணரி என்பது தானுந்துப் பொறியினுள் செல்லும் காற்றின் நிறையை (திணிவு) அளந்து, எரிபொருள் தெளிப்பைக் கட்டுப்படுத்தும் கணினிக்குத் தெரிவிக்கும் கருவி ஆகும். 1 கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 14.7 கிலோகிராம் காற்று தேவை.

1970களில் பாஷ் நிறுவனத்தின் எல்-ஜெட்ரானிக் அமைப்பில், காற்று தள்ளித் திறக்கும் மடல் ஒன்று பயன்பட்டது. அது கன அளவை மட்டுமே அறியும். மலைப்பகுதியில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் இது போதுமானதன்று.

பின்னர் வந்த சூட்டுக்கம்பி வகையில், மெல்லிய பிளாட்டினக் கம்பி ஒன்று மின்னோட்டத்தால் சூடேற்றப்படுகிறது. சூடான தேநீரை ஊதினால் ஆறுவது போல, கடந்து செல்லும் காற்று கம்பியைக் குளிர்விக்கும். ஆயினும் கம்பியின் வெப்பநிலை, உள்வரும் காற்றினுடையதைவிட ஒரு குறிப்பிட்ட அளவு மிகுதியாகவே இருக்குமாறு மின்சுற்று பார்த்துக்கொள்கிறது. காற்று மிகுந்தால் இதற்குக் கூடுதல் மின்னோட்டம் வேண்டும். அம்மின்னோட்டமே காற்றின் நிறையைக் காட்டுகிறது. அடர்த்தி குறைந்த காற்று குறைவாகவே குளிர்விப்பதால், உயரத்திற்கெனத் தனித் திருத்தம் தேவையில்லை.

கம்பியின் மீது தூசி படிந்தால் வெப்பம் எளிதில் வெளியேறாது. அப்போது உணரி காற்றைக் குறைத்துக் காட்ட, எரிபொருளும் குறைந்து பொறி திணறக்கூடும். இதனைத் தவிர்க்கத் தொடக்ககாலக் கருவிகளில், பொறி நின்றபின் கம்பியைச் சுமார் 1000 °செ வரை ஒரு நொடி சூடேற்றித் தூசியை எரித்தனர். கம்பியைத் துணியால் துடைத்தல் கூடாது, எளிதில் அறுந்துவிடும்.