ஊராரின் அளவுகோல்

'ஒருவனுக்கு ஒருத்தி' என்னும் நெறியை நாம் போற்றுகின்றோம். கணவனும் மனைவியும் ஒளிவுமறைவின்றி உடன்பட்டு, அந்நெறிக்குப் புறம்பே பிறரோடும் உறவு கொள்வாராயின், உலகம் அவர்களை எவ்வாறு மதிப்பிடும்? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் டெரி கொன்லியும் அவர்தம் குழுவினரும் இவ்வினாவை ஆராய்ந்து, 2013 ஆம் ஆண்டிலே முடிவுகளை வெளியிட்டனர்.

இருவகை இணையரைப் பற்றிய குறிப்புகளை வாசித்தவர்கள், பன்மையுறவினரின் அன்பிலும் நம்பிக்கையிலும் குறை கண்டனர். அது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால், பல்லிடுக்குகளை நாள்தோறும் தூய்மை செய்வார்களா, வளர்ப்பு நாயைத் தவறாது உலாவ அழைத்துச் செல்வார்களா என்பவற்றிலும் அவர்களுக்கே தாழ்ந்த மதிப்பீடு கிடைத்தது! பல்லுக்கும் மணமுறைக்கும் யாது தொடர்பு?

உளவியலார் இதனை 'ஒளிவட்ட விளைவு' என்பர். படை அதிகாரிகள் தம் வீரரை மதிப்பிடும்போது, ஒரு பண்பைப் பற்றிய எண்ணம் ஏனைய பண்புகளின் மதிப்பீட்டிலும் படிவதை எட்வர்ட் தோர்ண்டைக் 1920 இலேயே எடுத்துக்காட்டினார். ஒரு சிறப்பு மற்றவற்றுக்கு ஒளியூட்டுவது போலவே, ஒரு பழி மற்றவற்றை இருளாக்கிவிடுகிறது. இத்தகைய குடும்பங்களை 1996 முதல் நெடுங்காலம் ஆராய்ந்த சமூகவியலாளர் எலிசபெத் ஷெஃப், பிள்ளைகளைத் தம்மிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்னும் பெற்றோரின் அச்சத்தைப் பதிவு செய்துள்ளார்.

பழி காலந்தோறும் ஒரு தன்மையதாய் இருப்பதுமில்லை. இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ், சகோதரர் இருவர் ஒருத்தியை மணந்து ஓரில்லத்தில் வாழ்வது அங்கே முறைமைக்கு இயைந்த வழக்கமென்றும், பிள்ளைகள் இருவரையும் தந்தையென அழைப்பரென்றும் 1681 இல் வெளியான தமது நூலிலே எழுதினார். 1859 இல் பிரித்தானிய ஆட்சியினரின் சட்டம் அம்மணத்தைச் செல்லாததாக்கிற்று. அதன் பின்னரும் சில கிராமங்களில் எஞ்சியிருந்த அவ்வழக்கத்தை, மானிடவியற் பேரறிஞர் ஸ்டான்லி தம்பையா 1966 இல் வெளியான கட்டுரையொன்றில் ஆராய்ந்தார். முறைமையாயிருந்தது, காலமாற்றத்தால் குற்றமாயிற்று.

மணநெறி பற்றி நமக்கு உறுதியான கொள்கை இருக்கலாம். அதனைக் கைவிடவேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. ஆயினும், ஒருவரது மணமுறையை ஏற்காமை வேறு. அவரது நேர்மையையும் உழைப்பையும் பிள்ளைப் பாசத்தையும் ஐயுறுதல் வேறு. மறுமணம் செய்த கைம்பெண்ணும், மணமுறிவு பெற்றவரும், சாதி கடந்து மணந்தவரும் நம்மிடையே இதே கோலால் அளக்கப்படுவதை நாம் அறியோமா? வாடகைக்கு வீடு கேட்டும், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்டும் அவர்கள் வரும்போது, நம் கையிலுள்ள கோல் எதனை அளக்கிறதென்று ஒருகணம் நோக்குதல் நன்று.